மாண்ட்கோமரியில் நடந்த பெண்கள்

ரோசா பார்க்ஸ் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரப் பெண் ஒருவர் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளையருக்காக எழுந்து இடம்விடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். கைது செய்தார்கள். பிறகு மார்ட்டின் லூதர் கிங் வந்தார், போராட்டம் நடந்தது, சட்டம் மாறியது. இதில் பொய் அதிகமில்லை. ஆனால் பெண்கள் பல ஆண்டுகளாகச் செய்த வேலை முழுவதும் இதில் காணாமல் போயிருக்கிறது. ஒரு பெண்ணின் கால்வலிக்குப் பிறந்த போராட்டம் என்று இதைச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. 1955இல் அந்நகரப் பேருந்துகளில் 36 இருக்கைகள் இருந்தன. முன்பக்கத்து 10 இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. வெள்ளையர் கூட்டம் கூடினால் அடுத்த வரிசையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். பல நேரங்களில் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக ஏற வேண்டியிருந்தது. அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அவர்களில் கணிசமானோர் வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் பிள்ளை பார்க்கவும் போன பெண்கள். ஓட்டுநர்களின் வசைச்சொற்களை அன்றாடம் வாங்கிக்கொண்டவர்களும் அவர்களே.

1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது பார்க்ஸுக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் 1943 முதல் செயலாளர் பொறுப்பு வகித்தவர். 1944இல் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் சிலர் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கியபோது, அந்த ஊருக்கே போய் விசாரித்து, நீதி கேட்கும் இயக்கத்தை உருவாக்க உதவியவர். அன்று தனக்கு உடல் களைப்பு ஏதுமில்லை, பணிந்து போவதில்தான் களைப்பு என்று பின்னாளில் அவரே விளக்கியிருக்கிறார். நாம்தான் அந்தக் கால்வலியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பார்க்ஸ் கைதான இரவில் தூங்காத இன்னொரு பெண் ஜோ ஆன் ராபின்சன். அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். 1949 டிசம்பரில், ஏறக்குறைய காலியாக இருந்த பேருந்தில் முன்னால் உட்கார்ந்ததற்காக ஓட்டுநர் கையை ஓங்கிக் கத்த, அழுதபடி இறங்கியவர். அந்த அவமானத்தை அவர் வேலைத்திட்டமாக மாற்றினார். அதே கல்லூரியின் ஆங்கிலத் துறையைச் சேர்ந்த மேரி ஃபேர் பர்க்ஸ் 1946இல் தொடங்கிய பெண்கள் அரசியல் குழுவுக்கு ராபின்சன் தலைவரானார். 1954 மே மாதம், பேருந்துகளில் நிலைமை மாறாவிட்டால் புறக்கணிப்பு நடக்கலாம் என்று மேயருக்குக் கடிதம் எழுதினார். பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே போராட்டத்தின் வடிவம் பெண்களிடம் தயாராக இருந்தது.

செய்தி எட்டியதும் ராபின்சன் கல்லூரிக்குப் போனார். சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் உடன் இருந்தார்கள். ஸ்டென்சில் வெட்டி, ஒரு தாளில் மூன்று அறிக்கைகள் வரும்படி சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடிய ஓட்டினார்கள். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்பதே செய்தி. அவரே பின்னாளில் எழுதிய கணக்குப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டறிக்கைகள். விடிந்ததும் காலை வகுப்பை எடுத்து முடித்துவிட்டு விநியோகத்துக்குக் கிளம்பினார். குழுவின் பெண்கள் பள்ளிகளிலும் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் அவற்றைச் சேர்த்தார்கள். அது அரசு நிதியில் நடந்த கல்லூரி. பிடிபட்டால் போவது அவருடைய வேலை மட்டுமில்லை. நானும் கல்லூரி ஆசிரியை என்பதால் அந்த இரவின் துணிச்சலை என்னால் சற்றுக் கூடுதலாகவே உணர முடிகிறது.

அந்தத் துண்டறிக்கையில் ரோசா பார்க்ஸின் பெயர் இல்லை. இருந்தது கிளாடெட் கால்வினின் பெயர்.

கால்வின் 15 வயதுப் பள்ளி மாணவி. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2 அன்று, எழ மறுத்து, விலங்கிடப்பட்டு, சிறைக்குப் போனாள். ஊர் கொதித்தது. ஆனால் அவளை முன்னிறுத்த வேண்டாம் என்று தலைவர்கள் முடிவு செய்தார்கள். சின்னப் பெண், ஏழைக் குடியிருப்புக்காரி, படபடவென்று பேசுபவள். பிறகு திருமணமாகாமலே கருவுற்றதும் அந்த முடிவு உறுதிப்பட்டது. அக்டோபரில் இதேபோல் கைதான 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித்தையும் குடும்பத்தைப் பற்றிய வதந்தியால் ஒதுக்கினார்கள். எதிரியின் பத்திரிகைகள் எதைச் சொல்லி வழக்கைக் கெடுக்கும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சம் வெற்று அச்சமும் இல்லை. ஆனாலும் நிறத்தால் மனிதரைத் தரம்பிரிக்காதே என்று கேட்ட இயக்கம், ஒழுக்கத்தால் தன் பெண்களைத் தரம்பிரித்தது. நியாயம் கேட்க வரும் பெண்ணிடம் முதலில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் நமக்கு அந்நியமானதா என்ன?

டிசம்பர் 5 திங்களன்று பேருந்துகள் காலியாக ஓடின. அன்று மாலை தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட கூட்டத்தில் 26 வயது கிங் பேசினார். மேடையில் இருந்த பார்க்ஸ் பேசவில்லை. பேச வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, தேவையில்லை என்று சொல்லப்பட்டது.

ஒரு நாளுக்கென்று தொடங்கியது 381 நாள்கள் நீண்டது. சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் வரிசை போட்டு ஓட்டினார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். வேலைக்காரி வராமல் வீடு ஓடாது என்பதால் வெள்ளை எசமானிகள் சிலர் தாங்களே காரில் போய் அவர்களை அழைத்துவந்தார்கள். மேயர் கண்டித்தும் அது நிற்கவில்லை. ஒரு நகரத்தின் வீடுகள் யாருடைய உழைப்பில் இயங்கின என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை.

வண்டிகளுக்குப் பெட்ரோல் போடப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி அடுப்படியிலிருந்து. ஜார்ஜியா கில்மோர் ஓர் உணவகச் சமையற்காரர். கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னபின் வேலையை இழந்தவர். அவரும் தோழிகளும் கோழிக்கறியும் கேக்கும் செய்து விற்று, பணத்தைப் போராட்ட நிதிக்குக் கொடுத்தார்கள். ‘எங்குமில்லாத இடத்துச் சங்கம்’ என்று பொருள்படும் ஒரு பெயரைத் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம். சமைத்துக் கொடுத்த பெண்களின் வேலையும் பறிபோகாது.

கடைசியில் சட்டம் எந்த வழக்கில் உடைந்தது? பார்க்ஸின் வழக்கில் இல்லை. 1956 பிப்ரவரி 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. தொடுத்தவர்கள் ஐந்து பெண்கள். மிரட்டலுக்குப் பின் ஒருவர் விலகிக்கொண்டார். எஞ்சிய நால்வர்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின். போராட்டத்தின் முகமாக இருக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட இரண்டு பெண்களும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். கால்வின் அப்போது குழந்தை பெற்றிருந்தாள். ஜூனில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டிசம்பர் 21 முதல் பேருந்தில் யாரும் எங்கும் உட்காரலாம் என்றானது.

அறவழிப் போராட்டம் என்றதும் பொறுமை, அமைதி, தியாகம் என்ற சொற்கள் வந்து விழுகின்றன. நமக்கு என்றென்றும் போதிக்கப்பட்ட குணங்கள்தாம் அவை. மாண்ட்கோமரிப் பெண்கள் காட்டியது வேறு: கடிதம், ஸ்டென்சில், வண்டி வரிசை, கல்லாப்பெட்டி, சாட்சியம். அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. வேலை இழந்த பார்க்ஸ் 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். அரசின் நெருக்கடியால் ராபின்சன் 1960இல் அந்தக் கல்லூரியை விட்டே போனார். தன் நினைவுகளை அவர் நூலாக வெளியிட்டது 1987இல். போராட்டத்தைத் தொடங்கியவர்கள் பெண்கள் என்பதைத் தலைப்பிலேயே சொன்னார்.

கால்வின் நியூயார்க் போய், முதியோர் இல்லமொன்றில் உதவிச் செவிலியாகப் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றார். சட்டம் மாறிய பின்னும் 1955ஆம் ஆண்டு அவர்மீது எழுதப்பட்ட குற்றப் பதிவு அப்படியே இருந்தது. நீதிமன்றம் அதை அழித்தது 2021இல். அப்போது அவருக்கு வயது 82.