ரெகுலோவின் சிறு துளை
லண்டனில் மகள் வாடகைக்கு எடுத்த வீட்டில் பழங்காலத்து கேஸ் அடுப்பு. ஓவன் சூடேறியதும் தீ அணைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கேஸ் வாடை. பேத்தி அங்கேதான் விளையாடுவாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

1923இல் ‘ரெகுலோ’ வரும்வரை இங்கிலாந்தில் ஓவனுக்குள் கையை நீட்டித்தான் சூடு பார்த்தார்கள். ரெகுலோ என்பது பித்தளைக் குழாய், உள்ளே இன்வார் கம்பி. நண்பர்களே, 1920இல் குய்யோமுக்கு நோபல் வாங்கித் தந்த அதே இன்வார்! சூட்டில் பித்தளை நீளும், இன்வார் அநேகமாக நீளாது. அந்த வித்தியாசமே வால்வை மூடும். தீ அடியோடு அணையாதிருக்க ஒரு சிறு துளை வழியே கொஞ்சம் கேஸ் போகும்.

மெக்கானிக் கழற்றிக் காட்டினார். துளையில் கசடு. தீ அணைய, ஓவன் ஆற, வால்வு மறுபடி திறந்து பற்றாத கேஸ் வந்திருக்கிறது.

வெப்ப விரிவை 30 வருஷம் நடத்தியவன் நான். இன்வாரைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.