காப்பாற்றியவரைக் கைவிட்ட கழகங்கள்



நம் நாட்டில் சனி, ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்துக் காற்பந்தாட்டத்தைக் காண்கின்ற வீடுகள் பல. திங்கட்கிழமை காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தால் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கோல் கணக்கைப் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். வாய்பாட்டையும் அவ்வாறே ஒப்புவித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அது கிடக்கட்டும். இம்முறை அவ்விளையாட்டின் அண்மைக்கால வரலாற்றிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். மூழ்கவிருந்த கப்பலைக் கரைசேர்த்த மாலுமிக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதே அப்பொருள்.

காற்பந்தை அறியாதோர்க்கு ஒரு சிறு விளக்கம். பிரிமியர் லீக்கில் 20 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. பருவ இறுதியில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் குழுக்கள் அடுத்த நிலை லீக்கிற்கு இறக்கப்படும். இறங்கினால் ஒளிபரப்பு வருமானத்தின் பெரும்பகுதி போய்விடும். நல்ல ஆட்டக்காரர்கள் விலகுவர். அங்கே தலைமைப் பயிற்றுநரை 'நிர்வாகி' என்று அழைப்பது வழக்கம். குழு தோற்றால் முதலில் போவது அவருடைய தலைதான். தோல்வியால் போவதை ஒருவாறு புரிந்துகொள்ளலாம். இறக்கத்திலிருந்து காப்பாற்றிய பின்னும் போவதுதான் வியப்பு.

இதற்குப் பெயர்போன சான்று லெய்செஸ்டர் சிட்டி. 1884இல் தோன்றிய பழங்கழகம் அது. 2010இல் தாய்லாந்தின் கிங் பவர் நிறுவனத்தார் அதனை வாங்கினர். அப்போதைய உரிமையாளர் பெயர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா. இக்குடும்பப் பெயர் தாய்லாந்து மன்னர் அளித்தது. 'ஸ்ரீ', 'வர்த்தன', 'பிரபா' எனப் பிரித்துப் பார்த்தால் நமக்கும் பொருள் விளங்கும்!

2013/14 பருவத்தில் நைஜல் பியர்சன் என்னும் நிர்வாகி அக்குழுவை 102 புள்ளிகளோடு இரண்டாம் நிலை லீக்கின் வெற்றியாளராக்கிப் பிரிமியர் லீக்கிற்கு ஏற்றிவந்தார். மேலே வந்த பின்னர்தான் துன்பம் தொடங்கியது. 2014 செப்டம்பரில் மென்செஸ்டர் யுனைடெட்டை 5-3 என வீழ்த்திய அதே குழு, கிறிஸ்துமஸ் நாளில் பட்டியலின் அடியில் கிடந்தது. 2015 பிப்ரவரியில் பியர்சன் நீக்கப்பட்டார் என்று ஒரு நாள் செய்தி பரவியது. அன்றிரவு கழகம் அதை மறுத்தது. ஏப்ரல் தொடக்கத்தில் 29 ஆட்டங்களில் 19 புள்ளிகளே இருந்தன. பாதுகாப்பான இடம் ஏழு புள்ளி தொலைவில் இருந்தது.

எஞ்சியவை ஒன்பது ஆட்டங்கள். அவற்றுள் ஏழில் வெற்றி, ஒன்றில் சமநிலை, செல்சியிடம் மட்டும் ஒரு தோல்வி. 22 புள்ளிகள் சேர்ந்தன. மொத்தம் 41 புள்ளிகளோடு 14ஆம் இடம்! கடைசி நாளன்று குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் குழுவை 5-1 என வென்று பருவத்தை முடித்தார்கள்.

அடுத்த மாதமே, 2015 ஜூன் 30ஆம் நாள், பியர்சன் பதவிநீக்கம் செய்யப்பட்டார்.

ஆட்டம் சரியில்லை என்பது அதற்குக் காரணமன்று. பருவம் முடிந்து தாய்லாந்துக்குச் சென்ற பயணத்தில் இளம் ஆட்டக்காரர் மூவர் நிறவெறிச் சொற்கள் அடங்கிய இழிவான காணொளி ஒன்றில் சிக்கினர். உரிமையாளரின் தாய்நாட்டிலேயே இது நடந்தது. மூவரையும் கழகம் நீக்கியது. அவர்களுள் ஒருவர் நிர்வாகியின் சொந்த மகன். அடுத்த இரு வாரங்களில் தந்தையும் போனார். இரு தரப்பின் பார்வையிலும் அடிப்படை வேறுபாடு உண்டு என்ற பொருள்பட அறிக்கை ஒன்று வெளிவந்தது. பியர்சன் செய்தியாளர்களிடம் சீறுபவர், களத்தின் ஓரத்தில் எதிரணி ஆட்டக்காரரோடு கைகலந்தவர் என்பதும் உண்மையே. ஆகவே, உரிமையாளரை நான் முற்றாகக் குறை கூற மாட்டேன்.

ஜூலை 13ஆம் நாள் அவ்விடத்திற்கு வந்தவர் இத்தாலியரான கிளாடியோ ரனியேரி. வயது 63. அதற்குமுன் அவர் கிரேக்க தேசியக் குழுவுக்குப் பொறுப்பேற்று, சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் 0-1 எனத் தோற்றுப் பதவியிழந்தவர். எந்த நாட்டிலும் முதல்நிலை லீக் கிண்ணத்தை அவர் வென்றதில்லை. லெய்செஸ்டர் மண்ணின் மைந்தரான முன்னாள் ஆட்டக்காரர் கேரி லினேக்கரே இந்நியமனத்தை வெளிப்படையாக ஐயுற்றார். பந்தய நிறுவனங்கள் அக்குழு கிண்ணம் வெல்ல 5000-க்கு 1 என விலை வைத்தன.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். 2016 மே 2ஆம் நாள் இரவு டோட்டன்ஹாம் செல்சியோடு 2-2 எனச் சமநிலை கண்டபோது லெய்செஸ்டர் வெற்றியாளரானது. நமக்கு அது செவ்வாய்க்கிழமை விடியற்காலை. அன்று கண் சிவந்து பள்ளிக்கு வந்த ஆசிரியர்களும் உண்டு. இறுதியில் 81 புள்ளிகள், இரண்டாம் இடத்து ஆர்சனலைவிடப் பத்து அதிகம்.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த வெற்றிக் குழுவில் வழக்கமாக ஆடிய பதினொருவர் யார்? கோல் காவலர் காஸ்பர் ஷ்மைக்கல், பியர்சன் 2011 நவம்பரில் கழகத்திற்குத் திரும்புவதற்குச் சில மாதங்கள் முன்னரே வந்தவர். வெஸ் மோர்கன், டிரிங்க்வாட்டர், ஜேமி வார்டி ஆகிய மூவரும் 2012இல் வந்தனர். வார்டி ஐந்தாம் நிலை ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தவர். மாரெஸ் 2014 ஜனவரியில் பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மிகக் குறைந்த விலைக்கு வந்தார். சிம்ப்சன், ஆல்பிரைட்டன், ஹூத் ஆகியோர் துன்பம் மிகுந்த அந்த 2014/15 பருவத்தில் சேர்ந்தவர்கள். ஃபுக்ஸும் ஒகாசாக்கியும் 2015 ஜூனில், பியர்சன் நீக்கப்படுவதற்குச் சில நாள்கள் அல்லது வாரங்கள் முன்னர் ஒப்பந்தமானவர்கள். ரனியேரி வந்தபின் சேர்ந்தவர் என்கோலோ கான்டே ஒருவரே! அவரையும் தேடிக் கண்டு வலியுறுத்தியவர் பியர்சன் காலத்துத் துணைவரான ஸ்டீவ் வால்ஷ் என்பர். மற்றொரு துணைப் பயிற்றுநரான கிரேக் ஷேக்ஸ்பியரும் பதவியில் தொடர்ந்தார்.

இதனால் ரனியேரியின் புகழ் குறையாது. வந்தவுடன் எல்லாவற்றையும் புரட்டிப்போடாமல் இருந்ததே அவரது அறிவுடைமை என்பேன். மூவர் காவல் முறையை நால்வராக மாற்றினார். ஆர்சனலிடம் 2-5 எனத் தோற்றபின் ஃபுக்ஸையும் சிம்ப்சனையும் இரு ஓரங்களில் நிறுத்தினார். கோல் விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாக வாக்களித்தார். பருவத்தின் பத்தாவது ஆட்டத்தில்தான் அது நிறைவேறியது. உணவகத்திற்கு அழைத்துச் சென்றவர், நீங்களே மாவைத் தட்டிச் செய்து உண்ணுங்கள் என்று விட்டுவிட்டாராம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குரிய தந்திரம் இது!

லெய்செஸ்டர் நிர்வாகியை மாற்றியது, குழுவை மாற்றவில்லை. இதற்கு நேர்மாறானதைச் செய்தது நம் நாட்டவரான டோனி பெர்னாண்டஸ் 2011இல் வாங்கிய குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். 2012 மே 13ஆம் நாள் அகுவேரோ கடைசி நொடிகளில் போட்ட கோலை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று 2-3 எனத் தோற்ற குழு ரேஞ்சர்ஸ்தான். ஆயினும், போல்டன் தன் ஆட்டத்தில் வெல்லத் தவறியதால் ஒரே புள்ளி வேறுபாட்டில் அது தப்பியது. நிர்வாகி மார்க் ஹியூஸ், தாம் இருக்கும்வரை இந்நிலை இனி வராது என உறுதி கூறினார். கழகமும் அவரை நம்பியது. பத்துக்கும் மேற்பட்ட புதியவர்களை வாங்கித் தந்தது. கோல் காவலராக ராபர்ட் கிரீனைச் சேர்த்துச் சில வாரங்களுக்குள் பிரேசிலின் ஜூலியோ சீசரையும் கொண்டுவந்தார்கள். புதிதாய் வந்த தென்கொரிய வீரர் பார்க் ஜி-சுங் தலைவரானார். தப்பிப் பிழைத்த பழைய குழு எங்கே போயிற்று என்று தேட வேண்டியதாயிற்று. 12 ஆட்டங்களில் 4 புள்ளி; நவம்பரில் ஹியூஸ் நீக்கம்; 2013இல் கடைசி இடம்.

சண்டர்லாந்தின் கதை இன்னும் வேதனையானது. 2013இல் டி கானியோ, 2014இல் போயெட், 2015இல் அட்வகாட், 2016இல் அலர்டைஸ் என ஆண்டுக்கொருவர் காப்பாற்றினர். ஒவ்வொருவரும் அடுத்த பருவம் முடிவதற்குள் போய்விட்டனர். முதலிருவர் நீக்கப்பட்டனர், மூன்றாமவர் தாமே விலகினார், நான்காமவரை இங்கிலாந்து தேசியக் குழு அழைத்துக்கொண்டது. 2017இல் காப்பாற்ற எவராலும் இயலவில்லை. 2018இல் அதற்கும் கீழே இறங்கினார்கள்.

மாற்றுவதே தவறு என்று இதனால் சொல்லிவிட முடியாது. போர்ன்மத் கழகம், தன்னை 15ஆம் இடத்தில் கரைசேர்த்த கேரி ஓநீலை 2023 ஜூனில் நீக்கியபோது பலரும் கண்டித்தனர். புதியவரான இரயோலா முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒன்றையும் வெல்லவில்லை. அதற்குள் ஓநீல் வேறொரு குழுவோடு வந்து போர்ன்மத்தைத் தோற்கடித்தும் சென்றார்! ஆயினும் கழகம் பொறுத்தது. அப்பருவம் 48 புள்ளிகள், அடுத்த பருவம் 56. பொறுமை அங்கே புதியவருக்குக் கிடைத்தது. 2008இல் கோல் வேறுபாட்டால் மட்டும் தப்பிய புல்ஹாம், ராய் ஹோட்சனை வைத்துக்கொண்டு 2010இல் ஐரோப்பா லீக் இறுதியாட்டம் வரை சென்றதும் உண்டு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்படும் வரை, முடிவு வந்த நாளில் பள்ளிகளில் எடுக்கப்பட்ட படங்களை எண்ணிப் பாருங்கள். சிறந்த மாணவர்களுக்கு அருகில் ஆறாம் ஆண்டு ஆசிரியர் நிற்பார். முதலாம் ஆண்டில் விரல் பிடித்து 'அ' எழுதவைத்தவர் அந்நேரம் வேறொரு வகுப்பில் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பார். அவரும் படத்தில் நிற்க வேண்டும் என்று கேட்ட தலைமையாசிரியர் எத்தனை பேர்?

லெய்செஸ்டரின் வெற்றிப் படத்திலும் பியர்சன் இல்லை. ரனியேரியும் அப்படத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை. 2017 பிப்ரவரியில், கிண்ணம் வென்ற பத்து மாதங்களுக்குள், குழு 17ஆம் இடத்திற்குச் சரிந்தபோது அவரும் நீக்கப்பட்டார். பொறுப்பேற்ற ஷேக்ஸ்பியர் தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களை வென்று குழுவைக் காப்பாற்றினார். அவரையும் அதே ஆண்டு அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள்!

பியர்சனை அதே கிங் பவர் நிறுவனம் 2017இல் தனக்குச் சொந்தமான பெல்ஜியக் கழகமான லூவனுக்கு மீண்டும் அழைத்துக்கொண்டது. மனிதர்களின் பகை நாம் எண்ணுமளவு நீள்வதில்லை போலும். 2019 டிசம்பரில் அவர் பட்டியலின் அடியில் கிடந்த வாட்போர்டை ஏற்றார். 2020 பிப்ரவரி 29ஆம் நாள், அப்பருவ லீக்கில் அதுவரை தோல்வியே காணாத லிவர்பூலை அக்குழு 3-0 என வென்றது. ஜூலையில், பாதுகாப்பான இடத்தில் மூன்று புள்ளி முன்னணியோடு நின்றபோது, எஞ்சியவை இரண்டே ஆட்டங்கள் என்ற நிலையில் வாட்போர்டு அவரை நீக்கியது. அந்த இரண்டிலும் தோற்று, ஒரு புள்ளியில் கீழே இறங்கியது.