இடம்பெயர்ந்த அங்காடிகள்: சென்னை நகர வரலாற்றில் ஒரு பக்கம்

பண்டைத் தமிழர் அங்காடிகளைப் பொழுதால் பகுத்தனர். பகலில் கூடுவது நாளங்காடி. இரவில் கூடுவது அல்லங்காடி. மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் காட்டுகிறது. பிற்கால நகரங்களிலோ அங்காடியும் இடமும் ஒன்றன் பெயரை மற்றொன்று தாங்கி நின்றன. சென்னையில் அவ்வாறு பெயர் பெற்ற இடங்கள் பல. ஆயின் பெயர் நிலைத்த அளவுக்குத் தொழில் நிலைக்கவில்லை. முத்தியாலுப்பேட்டையின் பவழக்காரத் தெரு, அங்கு வாழ்ந்து பவழ வாணிகம் செய்த யூத வணிகரை நினைவூட்டுகிறது; அவ்வணிகர் இன்று இல்லை. நெசவாளரைக் குடியேற்றுவதற்கென 1734இல் அமைக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையில் தறியோசை அடங்கிப் பல தலைமுறைகள் ஆகின்றன.

கடை ஒன்று மூடப்பட்டால், வணிகம் நொடித்துப் போயிற்று என்று எண்ணுவது உலக இயல்பு. சென்னையின் பெயர் பெற்ற அங்காடிகளையும் உணவகங்களையும் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்துவதில்லை. வாங்குவோர் கூட்டம் குறையாதிருந்த காலத்திலேயே அவற்றுள் பல இடம்பெயர்ந்தன அல்லது மறைந்தன. அவற்றின் விதியை வகுத்தது வாடிக்கையாளரன்று. காலடியில் இருந்த நிலம்.

மூர் மார்க்கெட் இதற்கு முதற்சான்று. அதுவும் ஓர் இடப்பெயர்ச்சியில் பிறந்ததே. பிராட்வேயில் இருந்த பழைய போப்பம் சந்தை நெருக்கடிக்கும் தூய்மைக்கேட்டிற்கும் உள்ளானபோது, அதற்கு மாற்றாக மாநகராட்சி புதியதோர் அங்காடியை எழுப்ப முற்பட்டது. மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். 1900இல் அங்காடி திறக்கப்பட்டது. சென்டிரல் ரயில் நிலையத்தை அடுத்து, செந்நிறத்தில், இந்திய சாரசானிய பாணியில் எழுந்த அக்கட்டடத்திலும் அதன் சுற்றிலும் பழைய புத்தகங்கள் முதல் இசைத்தட்டுகள், பறவைகள், விளையாட்டுப் பொருள்கள் வரை கிடைத்தன. நூலகத்தில் காணக்கிடைக்காத நூலும் பதிப்பு நின்றுபோன நூலும் அங்கே தேடுவோர் கைக்கு அகப்படும். வருவாய் குறைந்த மாணவர்க்கும் எழுத்தாளர்க்கும் அது முறையாக அமையாத ஒரு நூலகமாகவே விளங்கிற்று.

1985 மே 30ஆம் நாள் நேர்ந்த பெருந்தீயில் அக்கட்டடம் அழிந்தது. அந்நிலத்தில் பின்னர்ப் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. அதன் அருகே பழைய அங்காடியின் சிற்றுருவம் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. வணிகர்க்கு அண்மையிலுள்ள அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் அளிக்கப்பட்டது. கடைகள் தொடர்ந்தன என்று ஆவணம் கூறும். ஆனால் பழைய புத்தகக் கடையின் உயிர், குறிப்பிட்ட நூலைத் தேடி வருவோரைவிட, வழியே போகும்போது நின்று புரட்டிப் பார்ப்போரிடமே உள்ளது. ரயிலுக்குக் காத்திருந்த பயணி கால் மணி நேரம் சுற்றிவரும் வழியாக அந்த அங்காடி இருந்தது. அவ்வழி மாறியபின், கடைக்கு இடம் கிடைத்தது. கடைக்குரிய வழிப்போக்கர் கிடைக்கவில்லை.

தீயால் நேர்ந்தது மூர் மார்க்கெட்டின் பெயர்ச்சி. திட்டத்தால் நேர்ந்தது கொத்தவால் சாவடியின் பெயர்ச்சி. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நகர் முழுமைக்கும் வேண்டிய காய்கறிகள் இறங்கின. இரவெல்லாம் லாரிகள், விடியலில் கைவண்டிகளும் தலைச்சுமைகளும், பகலில் அழுகிய கழிவும் நெரிசலும். நகரம் பெருகப் பெருக அத்தெருக்கள் தாங்கா என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆகவே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மேற்கே கோயம்பேட்டில் 295 ஏக்கர் பரப்பில் மொத்த விற்பனை வளாகத்தைத் திட்டமிட்டது. 1996இல் காய், கனி, மலர் வணிகம் அங்கே பெயர்ந்தது.

இப்பெயர்ச்சியைத் தவறென்று கூறுதல் நேர்மையாகாது. லாரி நுழைய அகன்ற சாலையும் சரக்கு இறக்க மேடையும் அங்கே அமைந்தன. எனினும் கணக்கில் கடைகளே இடம்பெற்றன. கடைகளை அண்டி வாழ்ந்தோர் இடம்பெறவில்லை. மூட்டை தூக்கியோர், கைவண்டி இழுத்தோர், நள்ளிரவில் அவர்க்குத் தேநீரும் இட்டிலியும் அளித்த சிறு கடையினர் ஆகியோர்க்கு ஒதுக்கீட்டு ஆணையில் பெயரில்லை. கடையின் உரிமம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. அவர்களுள் போக முடிந்தோர் தம் பொறுப்பில் போயினர்.

கோயம்பேடும் இறுதி இருப்பிடமாகிவிடவில்லை. பாரிமுனையை ஒட்டியிருந்த வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002இல் கோயம்பேட்டுக்கு வந்தபோது, பயணிகளை நம்பிய உணவகங்களுக்கு அங்கே புதுவாழ்வு பிறந்தது. 2020 மே மாதம் கொரோனா நோய்த்தொற்றால் அங்காடி மூடப்பட்டுக் காய்கறி வணிகம் திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது; செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படலாயின. பாரிமுனையின் உணவுக் கடைகள் இருபது ஆண்டுகளுக்கு முன் கண்ட சோதனையைக் கோயம்பேட்டின் கடைகள் தம் முறைக்குக் கண்டன.

உணவகங்களின் வரலாற்றில் உட்லண்ட்ஸ் தனி இடம் பெறுவது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ், எளிய பணிகளிலிருந்து உயர்ந்து, 1930களின் இறுதியில் இராயப்பேட்டையில் ஒரு மாளிகையில் ஓட்டல் தொடங்கினார். மாளிகையின் பெயரே ஓட்டலின் பெயராயிற்று. 1952இல் அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் எழுந்தபோது அப்பெயரும் உடன் சென்றது. ஒரு மாளிகையின் பெயர் மாளிகையை விட்டு நீங்கிச் சுவையின் பெயராக மாறிய கதை இது.

1962இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பிலிருந்த நிலத்தில், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தொடங்கப்பெற்றது. மர நிழலில் கார்களை நிறுத்தி, காரின் சாளரத்தில் பொருத்திய தட்டில் உண்பது நகருக்குப் புதுமை. கார் இல்லாதார்க்கும் உள்ளே இடம் இருந்தது. ஒரு காப்பியுடன் நெடுநேரம் அமர்ந்து உரையாடலாம் என்பதால் எழுத்தாளரும் இதழாளரும் திரைத்துறையினரும் அங்கே கூடினர். கூட்டம் குறைந்ததால் அது மூடப்படவில்லை. நிலத்தை அரசு மீட்டுக்கொண்டதால் 2008இல் மூடப்பட்டது. 2010 நவம்பர் 24ஆம் நாள் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. நகருக்குப் பசுமை எஞ்சியது நற்பேறே. பேசுதற்கென்று அமைந்த ஓர் இடம் போனது இழப்பே. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை.

மூடல்களைப் போலவே திறப்புகளும் நிலத்தின் வரலாற்றோடு பிணைந்தவை; சிலவேளை அந்நிலம் கடலுக்கு அப்பாலும் உள்ளது. பர்மாவில் 1962இல் படையாட்சி ஏற்பட்டு, 1964இல் வணிகம் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, அங்கே கடை நடத்திய தமிழர் பலர் உடைமையிழந்து தாயகம் திரும்பினர். அவர்தம் மறுவாழ்வுக்காகச் சென்னைத் துறைமுகத்தை ஒட்டி 1969இல் பர்மா பஜார் அமைந்தது. அதன் அருகே விற்கப்படும் அத்தோ என்னும் பர்மிய உணவு, இரங்கூனில் மூடப்பட்ட கடைகளின் எச்சமாகச் சென்னைத் தெருவில் நிலைபெற்றது. பெரும் மாளிகைகள் நிலைக்காத நகரில் ஒரு தள்ளுவண்டி உணவு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பெயர் இடம்பெயரும், சரக்கும் சுவையும் இடம்பெயரும். ஒரு கடைக்கும் அதன் தெருவுக்கும் இடையே நாளடைவில் உருவான பழக்கம் மட்டும் இடம்பெயர்வதில்லை. புதிய இடத்தில் அதனை முதலிலிருந்தே ஈட்டல் வேண்டும். அங்காடியை மாற்றுவோர் சதுர அடியை அளந்து கொடுக்கின்றனர். இப்பழக்கத்திற்கு ஈடு கொடுப்பாரில்லை.

மூர் மார்க்கெட்டும் உட்லண்ட்ஸும் பெரியவையாதலின் ஏடுகளில் இடம்பெற்றன. ஒவ்வொரு தெருமுனையிலும் மூடப்படும் காப்பிக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் அப்பேறு இல்லை. தொடங்கிய ஆண்டு, விற்ற பொருள், விலை, வந்தோர் யார், மூடப்பட்டது எதனால் என்னும் ஐந்து செய்திகளையேனும் அந்தந்தப் பகுதியினர் குறித்து வைத்தல் வேண்டும். கடைக்காரரும் முதியோரும் உள்ளபோதே கேட்டறிய வேண்டியவை அவை. மன்னர் கல்வெட்டில் சந்தைக்கு இறுத்த வரி பொறிக்கப்பட்டது. அச்சந்தையில் மோர் விற்றவளின் பெயர் பொறிக்கப்படவில்லை. அக்குறையை இக்காலத்தார் நீக்க இயலும்.