சோளகம் அடங்கிய பிறகு: கொழும்புக் கடலில் சுழியோடுதல்

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்குச் சிறுவயதில் கடல் என்றால் துறைமுக மதிலுக்கு அப்பால் கேட்கும் கப்பலின் ஊதல் மட்டும்தான். போர்க்காலத்தில் அந்தப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயம். வெள்ளவத்தைக்கு மாறியபோது ரயில் பாதையைக் கடந்தாலே கடல். அப்போதும் பார்ப்பதோடு சரி. முப்பது வயதைத் தாண்டித்தான் சிலிண்டருடன் உள்ளே இறங்கினேன்.

கொழும்பில் சுழியோட உகந்த காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே மாதமளவில் சோளகம் தொடங்கியதும் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது சுழியோடிகள் திருகோணமலைக்கும் நிலாவெளிக்கும் போகிறார்கள். வாடைக்காற்று வந்தால் கிழக்கு மூடி, மேற்கு திறக்கும்.

மாதம் சரியென்றாலும் நாள் சரியாக இருக்கவேண்டும். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் களனி கங்கை கடலில் கலக்கிறது. மலைநாட்டில் மழை பெய்தால் சேறு இங்கே வரும். நவம்பர் தொடக்கத்தில் நான் முதன்முறை இறங்கியபோது நீட்டிய கையே தெரியவில்லை. பயிற்சியாளர் மேலே ஏறச் சைகை காட்டினார். கட்டிய பணத்தை நினைத்துக் கோபம் வந்தது. பெப்ரவரியில் அதே இடத்தில் திருக்கையையும் சிங்கி இறாலையும் கண்டேன். படங்களில் வரும் வண்ண முருகைக்கற்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் வெறும் கற்பார்தான், மீன் மட்டும் நிறைய.

பயிற்சியில் முதலில் சொன்னது, மூச்சை அடக்காதே என்பது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரல், மூச்சை அடக்கியபடி ஏறினால் கிழியும். ஆழத்தில் நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. வேகமாக ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் உடலுக்குள்ளே குமிழிகள் கிளம்பும். அதனால் நாம் வெளிவிட்ட சிறு குமிழிகளை முந்தாமல் ஏறவேண்டும். 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும். ஆரம்பப் பயிற்சி பெற்றவருக்கு எல்லை 18 மீற்றர். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் கவனிக்க: பல தடவை சுழியோடியிருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்கவேண்டும்.

இதைக் கேட்டபோது மன்னாரில் கடலட்டைக்குச் சுழியோடிய என் சித்தப்பாவின் மகன் நினைவுக்கு வந்தான். ஒரு நாளில் நாலைந்து சிலிண்டர். ஒரு மாலை கரையேறியவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டில் பக்கவாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்தார்கள். மூன்று நாள் போய்விட்டது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். பொழுதுபோக்குக்குப் போன எனக்கு இரண்டு நாள் வகுப்பும் ஆழம் காட்டும் கருவியும் கிடைத்தன. பிழைப்புக்குப் போன அவனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வடக்கில் சங்குக்கோ அட்டைக்கோ போகும் உறவுகள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஏறிய பிறகு மூட்டுவலி, தலைச்சுற்று, மரத்துப்போதல் வந்தால் அது களைப்பல்ல. வலி போகும் என்று மறுபடி இறக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து, ஒட்சிசன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை தடவை, எவ்வளவு ஆழம், எப்போது ஏறினார் என்பதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லவேண்டும்.