நொடியும் வினாவிடையும்: பிள்ளைகளிடம் நாம் கேட்ட கேள்விகளின் வரலாறு

ஒஸ்லோவின் புறநகர் ஒன்றில், தொடர்மாடிக் கட்டடமொன்றின் நிலக்கீழ் அறையில், சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு இருந்து கதைப் புத்தகங்கள் வாசித்து வருகிறேன். இது பள்ளிக்கூடம் அல்ல. இடாப்பு இல்லை, பரீட்சை இல்லை. நான் சிறுவயதில் விரும்பிப் படித்தவற்றை இவர்களுக்கும் காட்டவேண்டும் என்ற ஆசை மட்டுமே இதன் பாடத்திட்டம்.

ஒருநாள் வாசிப்பு முடிந்தபின் நொடி போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணினேன். என் அம்மம்மா திண்ணையில் இருந்து போட்ட நொடிகளில் ஒன்று: எவ்வளவு அடி வாங்கினாலும் வாய் மூடாதவள் யார்? பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நானே 'உரல்' என்றேன். ஒன்பது வயதுச் சிறுமி கேட்டாள்: “மாமா, உரல் எண்டால் என்ன?” உரலைக் கீறிக் காட்டினேன். பிறகு உலக்கையைக் கீறவேண்டி வந்தது. பிறகு அரிசியை ஏன் இடிக்கவேண்டும் என்று விளக்கவேண்டி வந்தது. நொடி அங்கே செத்துப்போய் அகராதி ஒன்று மிஞ்சியது.

அன்று வீடு திரும்பும்போது யோசித்தேன். நொடி என்பது அறியாததைக் கேட்பது அல்ல. நன்கு அறிந்த ஒன்றை ஒளித்துவைத்து, கண்டுபிடி என்று விடுவதுதான் நொடி. காலையும் மாலையும் உரலைக் கண்ட பிள்ளைக்குத்தான் அது வாய் திறந்து நிற்கும் ஒருத்தியாகத் தெரியவரும்போது சிரிப்பு வரும். உரலைக் காணாத பிள்ளையிடம் அதையே கேட்டால் அது பரீட்சை வினா ஆகிவிடுகிறது. நாம் பிள்ளைகளிடம் இத்தனை காலமும் எந்த மாதிரியான கேள்விகளைக் கேட்டு வந்திருக்கிறோம் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டும் என்று அதன்பின்தான் எனக்குத் தோன்றியது.

நொடியைத் தமிழ் இலக்கணம் ஒருபோதும் அற்பமாக எண்ணியதில்லை. தொல்காப்பியம் அதைப் 'பிசி' என்று பெயரிட்டு, பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. ஒப்புமையால் அமைவது, தோற்றத்தைச் சொல்லித் துணியவைப்பது என இருவகையும் பிரிக்கிறது. நன்னூலோ வினாவை ஆறாக வகுத்தது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அறிவினா. விடை தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. எம்மில் பலர் இதை மனனம் செய்து ஒப்பித்தவர்கள்தான். ஆனால் எமது பள்ளிக்கூடங்களில் கேட்கப்பட்டது பெரும்பாலும் முதலாவது வகை மட்டுமே என்பதை அப்போது நாம் கவனிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கான அச்சுப் புத்தகத்தின் வரலாறு வினாவிடையோடு பின்னிப் பிணைந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பள்ளிகளைத் திறந்தார்கள், அச்சுக்கூடம் நிறுவினார்கள், ஞானோபதேச வினாவிடைகளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். கேள்வியும் அச்சில் இருந்தது, பதிலும் அச்சில் இருந்தது. பிள்ளையின் வேலை ஒப்பிப்பது. இதை எதிர்த்து எழுந்த ஆறுமுக நாவலரும் (1822 - 1879) அதே ஆயுதத்தைத்தான் கையிலெடுத்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு அச்சியந்திரம் வந்தது. பாலபாடங்களும் சைவ வினாவிடையும் வெளிவந்தன. சிறு சொல்லில் தொடங்கிச் சிறு வசனத்துக்கும், அங்கிருந்து கட்டுரைக்கும் படிப்படியாக ஏற்றிச்செல்லும் பாலபாடத்தின் ஒழுங்கு அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. தமிழ் வசனத்தைப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதமுடியும் என்று காட்டியவர் அவர். இதை மறுப்பது நன்றிகேடு.

ஆனால் அந்தப் புத்தகங்களில் பிள்ளை சிரிப்பதற்கு இடமில்லை. செய், செய்யாதே என்ற இரண்டு கரைகளுக்கு நடுவே அது ஓடுகிறது. எந்தப் பிள்ளை வாசிக்கலாம் என்பதையும் சாதி தீர்மானித்தது. நாவலரின் கல்வி உலகம் சைவ உயர்சாதியினரின் உலகம் என்ற விமர்சனம் புதியதல்ல. நான் இங்கே அதோடு சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பனையேறுபவரின் கருவிகள், தறி, கலப்பை, துலா, அடுப்பு, உரல், திரிகை இவைதான் எமது நொடிகளின் விடைகள். நொடிகளைப் பெருமளவுக்கு ஆக்கியவர்கள் உடலால் உழைத்தவர்களும் வீட்டுப் பெண்களுமே என்பதை விடைகளே சொல்லிவிடுகின்றன. பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் அறிவு அது. பழமொழிக்கு அச்சு சீக்கிரமே கிடைத்தது. பீற்றர் பெர்சிவல் பாதிரியார் 1840களிலேயே யாழ்ப்பாணத்தில் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். பழமொழி புத்தி சொல்லும், ஆகவே ஆசிரியருக்கு உதவும். நொடி புத்தி சொல்லாது. அது திண்ணையிலேயே தங்கிவிட்டது.

இனி நான் வாழும் நாட்டைப் பார்க்கிறேன். ஒப்பீடு பொருந்துமா என்பதைப் பிறகு பேசுவோம். நோர்வேயிலும் பல தலைமுறைப் பிள்ளைகள் வினாவிடையில்தான் வளர்ந்தார்கள். 1736இல் திருச்சபையின் உறுதிப்பூசுதல் கட்டாயமாக்கப்பட்டது; அதற்கென 1737இல் பொன்தொப்பிடான் எழுதிய நூலில் 759 கேள்விகளும் பதில்களும் இருந்தன. குடியானவரின் பிள்ளை, தான் பேசாத டேனிஷ் எழுத்துமொழியில், அவற்றை மனனம் செய்யவேண்டும். 1814இல் டென்மார்க்கின் பிடி விலகிய பின்னரும் எழுத்துமொழி டேனிஷாகவே இருந்தது.

இந்த நிலையில்தான் அஸ்பியோர்ன்சன், யோர்கன் மூ என்ற இரு நண்பர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார் சொன்ன கதைகளைச் சேகரித்தார்கள். அவர்களது முதற் சிறுநூல் 1841இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தொடங்கிய அதே ஆண்டு. அவர்கள் டேனிஷ் எழுத்தைக் கைவிடவில்லை. ஆனால் அதற்குள் நோர்வே மக்களின் வாய்ச்சொற்களையும் வாக்கிய ஓட்டத்தையும் புகுத்திவிட்டார்கள். பிற்கால எழுத்துமொழி மாற்றங்களுக்கு அந்தக் கதைகள் வழிதிறந்தன என்பதை இங்குள்ள மொழி வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அது சண்டை இல்லாமல் நடக்கவுமில்லை. 1863இல் பி. ஏ. யென்சன் என்பவர் தொகுத்த பள்ளி வாசிப்புநூல் வேதப் பாடங்களோடு நாட்டார் கதைகளையும் சேர்த்துக்கொண்டது. பூதக் கதைகளையா பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது என்று பக்திமிக்க பெற்றோர் பலர் கிளர்ந்தெழுந்தார்கள். ஆனாலும் கதைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. 1892இலிருந்து வெளிவந்த நூர்டால் ரோல்ஃப்சனின் வாசிப்புநூல்கள் அவற்றைப் பல தலைமுறைகளின் பொதுச்சொத்தாக்கின.

அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பேச்சில் யாராலும் வெல்லமுடியாத ஓர் இளவரசி. அவளை வாயடைக்கச் செய்பவனுக்கே அவள் மனைவி. மூன்று சகோதரர்கள் புறப்படுகிறார்கள். கடைக்குட்டி வழியில் கிடக்கிற செத்த பறவை, ஓட்டுத்துண்டு, கொம்பு, தேய்ந்த சப்பாத்தின் அடி என்று எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்கிறான். மூத்தவர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். அரண்மனையில் இளவரசி சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் தன் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பதில் சொல்கிறான். இறுதியில் வெல்கிறான். இந்தக் கதையை எமது பிள்ளைகள் இங்குள்ள பள்ளியிலேயே கேட்டுவிட்டார்கள். அதை நான் தமிழில் சொன்னபோது அவர்கள் எனக்கு முந்திக்கொண்டு அடுத்த பொருள் என்ன என்று சொன்னார்கள். உரலுக்குக் கிடைக்காத வரவேற்பு அது.

ஒப்பீட்டின் எல்லைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. நோர்வேக்காரருக்கு 1814இலேயே சொந்த அரசியலமைப்பு இருந்தது. 1905இல் தனியரசும் வாய்த்தது. எமக்கு வாய்த்தது 1981ஆம் ஆண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீ. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதோடு, நாட்டார் கதையைத் தேசியத்தின் அடையாளச் சின்னமாக்குவது குடியானவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கும் வழிசெய்யும். பொங்கல் விழா மேடையில் அட்டையில் செய்த உரலை வைத்துப் படம் பிடிக்கும் எம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

எம்மிடமும் மாற்றம் வராமலில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878 - 1953) ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளின் பாட்டாக்கினார். தோட்டத்தில் ஆள்போல நின்று ஆளில்லாமல் போகும் வெருளி தானே ஒரு நொடிதான். தமிழ்நாட்டில் அழ. வள்ளியப்பா (1922 - 1989) பிள்ளைகளுக்குப் பாடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1947 யூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' எமது ஊர்களுக்கும் வந்தது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அட்டை கிழிந்த பழைய பிரதிகள் கைமாறிக் கைமாறி எங்களை வந்தடைந்தன. மலிவான விலையில் சோவியத் புத்தகங்களும் வந்தன. அலெக்சாந்தர் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' நூலில் அப்பா தோற்றுப்போவதையும் அழுவதையும் கண்டு நான் அடைந்த ஆச்சரியம் இன்னும் மறக்கவில்லை. எமது பாலபாடத்தில் எந்த அப்பாவும் தோற்றதில்லை.

அம்புலிமாமாவில் எம்மைக் கட்டிப்போட்டது விக்கிரமாதித்தன் வேதாளம் கதை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிவிடும். 'கதாசரித்சாகரம்' தரும் மூலக்கதைகள் இருபத்தைந்தே. சஞ்சிகையோ அவை தீர்ந்த பின்னரும் புதிது புதிதாகக் கேள்விகளை உண்டாக்கிக்கொண்டே போனது. அவை வினாவிடை அல்ல. விடையைப் பற்றி நாங்கள் மதகில் இருந்து மணிக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். விக்கிரமன் சொன்னது பிழை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

இப்படி வளர்ந்த நாம் புலம்பெயர்ந்து வந்து எமது பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம்? மிகுந்த தியாகத்தோடு தமிழ்ப் பாடசாலைகளைக் கட்டினோம். வார இறுதி ஓய்வைத் துறந்து படிப்பித்தவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பாடநூல்களில் மீண்டும் வினாவிடைக்கே திரும்பினோம். தமிழ் என்பது மனனப் போட்டியும் சான்றிதழும் ஆயிற்று. சிறுசஞ்சிகை நடத்தியவர்கள் செய்ததென்ன? விடுதலை, தேசியம், பெண்ணியம், சாதியம் என்று இரவிரவாக எழுதினோம்; தட்டச்சு செய்தோம்; முத்திரை ஒட்டினோம். பக்கத்து அறையில் தூங்கிய பிள்ளை வாசிக்கக்கூடிய ஒரு பக்கம் அவற்றில் அபூர்வமாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று பெற்றோராகிவிட்டார்கள். எமது சஞ்சிகைகளை அவர்களால் வாசிக்கமுடியாது. இந்தக் குற்றச்சாட்டில் முதல் எதிரி நான்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். உரலும் துலாவும் தெரியாவிட்டால் பிள்ளைக்கு வேர் எப்படித் தெரியும்? அவற்றைக் காட்டத்தான் வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்தில் பழைய பாடநூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கின்றன. எரிந்ததற்கு ஈடாகாவிட்டாலும் அது பெரும் பேறு. ஆனால் பழைய நொடிகளின் விடைகளைப் பாதுகாப்பது வேறு, நொடி போடும் பழக்கத்தைக் கையளிப்பது வேறு. முன்னது ஆவணக்காப்பு. பின்னதுதான் மொழி. பிள்ளை தன் கண்முன்னே உள்ள பொருளை எடுத்து, தமிழில் அதற்கு முகமூடி போட்டு, பெரியவரைத் திணறவைக்கும் நாளில்தான் தமிழ் அதனுடைய மொழியாகிறது.

உரல் செத்த சனிக்கிழமைக்குச் சில வாரங்கள் கழித்து நான் விளையாட்டை மாற்றினேன். இனி நீங்கள்தான் நொடி போடவேண்டும், விடை இந்த ஊரில் இருக்கவேண்டும் என்றேன். பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல வந்திருந்த பெற்றோரும் நின்றிருந்தார்கள். உரல் என்றால் என்ன என்று கேட்ட அதே சிறுமி எழும்பினாள். சொல்லைத் தேடித்தேடிச் சொன்னாள்: “வெளியிலை எவ்வளவு குளிரெண்டாலும் அழமாட்டார். வீட்டுக்குள்ளை வந்தவுடனை அழுவார். ஆர்?”

நாங்கள் யோசித்தோம். சன்னல் என்றார் ஒருவர். இல்லை. மூக்கு என்றார் இன்னொருவர். இல்லை. பின்னால் நின்ற நண்பர் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரவுநேரத் துப்புரவு வேலை செய்தவர், மெதுவாக “அப்பா” என்றார். பெரியவர்கள் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சிறுமி மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கதவடியில் உறைபனி உருகிக் குட்டை கட்டி நின்ற சப்பாத்துகளைக் காட்டினாள்.

அவளுக்கு விடை தெரிந்திருந்தது, எமக்குத் தெரியவில்லை. எமது பிள்ளைகளிடம் நாம் அறியாவினா கேட்டது அந்த அறையில் அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். என்னிடம் இப்போது ஒரு கொப்பியில் இப்படிப்பட்ட நொடிகள் இருபத்திமூன்று இருக்கின்றன. இலக்கணப் பிழைகள் உண்டு, திருத்தவில்லை. பாரிசிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் உள்ள நண்பர்கள் தங்கள் பிள்ளைகளிடம் கேட்டு எழுதியனுப்பினால் சேர்த்து அச்சிடலாம். பிழை திருத்துவதா இல்லையா என்பதை அப்போது விவாதிக்கலாம்.