கவலையின்மை குற்றமான வரலாறு: அகீடியா, செக்கூரித்தாஸ், நிர்விசாரம்

கிறித்தவ அறநூல்கள் வெளிப்படையான பாவங்களை மட்டும் கண்டித்தவை அல்ல. நோன்பும் வழிபாடும் குறைவின்றி நடைபெறும் வாழ்விலேயே உள்ளுக்குள் நேரும் தளர்ச்சியையும் அவை ஆராய்ந்துள்ளன. இத்தளர்ச்சியைக் குறிக்க ஆளப்பட்ட சொற்களுள் மூன்று மொழிபெயர்ப்பாளரின் கருத்துக்கு உரியவை: கிரேக்க மொழியின் அகீடியா, இலத்தீன் மொழியின் செக்கூரித்தாஸ், தமிழ் விவிலியத்தின் நிர்விசாரம். மூன்றும் ஒத்த அமைப்புடையவை. அ + கீடொஸ், சே + கூரா, நிர் + விசாரம் என்னும் பகுப்புகளில் முன்னுறுப்பு இன்மையையும் பின்னுறுப்பு கவலையையும் உணர்த்துகின்றன. சொல்லமைப்பு ஒன்றாயினும் பொருள் சென்ற வழி வெவ்வேறு.

அகீடியா என்னும் சொல்லைத் துறவு வாழ்வின் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாக்ரியுஸ். அவர் வகுத்த எட்டுத் தீய எண்ணங்களுள் இதுவும் ஒன்று. காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை துறவியை இது வருத்தும். பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல் தோன்றும் என்கிறார். இதனை அவர் 'நண்பகல் பேய்' என்று கூறுவதற்குத் திருப்பாடல் 91இன் கிரேக்க மொழிபெயர்ப்பே அடிப்படை. எபிரேய மூலம் நண்பகலில் பாழாக்கும் அழிவைச் சொல்ல, கிரேக்கம் அதனைப் பேயாக்கிற்று. எபிரேயத்தைத் தழுவிய தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் இப்பேய் இல்லை. ஒரு மொழிபெயர்ப்புத் தேர்வு ஓர் அறக்கோட்பாட்டுக்கே உருவம் கொடுத்தமைக்கு இது சான்று.

ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் காலிய நாட்டில் எழுதிய யோவான் காசியான் இச்சொல்லை இலத்தீனில் பெயர்க்காமல் அப்படியே ஆண்டு, நெஞ்சின் சலிப்பு, கலக்கம் என விளக்கம் தந்தார். அவர் காட்டும் துறவி உறங்குபவன் மட்டும் அல்லன். தொலைவிலுள்ள நோயாளரைக் காண வேண்டும், ஆதரவற்றோர்க்கு உதவ வேண்டும் என்று காரணம் கூறித் தன் அறையை விட்டு வெளியேறுபவனும் ஆவான். நற்செயலின் உருவிலும் அகீடியா வரும் என்பது இதன் கருத்து.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் தம் பட்டியலில் அகீடியாவை விடுத்துத் துயரத்தை வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இவ்விரண்டையும் இணைத்து, இறைநன்மையைக் குறித்த துயரமே அகீடியா என வரையறுத்தார். ஓய்வுநாள் கட்டளைக்கு இது மாறானது என்பது அவர் கருத்து. அக்கட்டளை வேண்டுவது உள்ளம் இறைவனிடம் இளைப்பாறுவதை. எனவே அகீடியாவின் எதிர்ச்சொல் உழைப்பு அன்று, ஓய்வு. ஆயினும் 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொருமுறை பாவ அறிக்கையைக் கட்டாயமாக்கிய பின்னர், வட்டார மொழி அறவுரைகளில் வழிபாட்டுக்கு வராமை, கடமை தவறுதல் போன்ற புறச்செயல்களே முதன்மை பெற்றன. ஆங்கிலத்தில் அக்சிடி என்னும் கடன்சொல் வழக்கொழிய, ஸ்லாத் என்னும் சொல் நிலைத்தது. தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வியின் தலையான பாவங்கள் ஏழனுள் இது சோம்பல் என இடம்பெறுகிறது.

செக்கூரித்தாஸ் சென்ற வழி வேறு. சிசரோவிடத்து அது மனத்துயர் நீங்கிய நற்பேற்றைக் குறித்தது. இலத்தீன் விவிலியத்தில் 1 தெசலோனிக்கர் 5:3 அழிவுக்கு முன் மக்கள் பேசும் வெற்று நம்பிக்கைக்கு இச்சொல்லை ஆண்டது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் சவுக்கியம் என்கிறது. மார்ட்டின் லூத்தர் 1517இல் எழுதிய தொண்ணூற்றைந்து கருத்துரைகளின் இறுதி உரை, பொய்யான அமைதி தரும் செக்கூரித்தாஸை நம்பாமல் துன்பங்களின் வழியே விண்ணகம் புக வேண்டும் என்னும் கருத்தில் முடிகிறது. லூத்தரிய மரபு இறைவாக்கில் ஊன்றிய உறுதியைச் செர்த்தித்தூதோ எனவும், தன்னிறைவில் ஊன்றிய அச்சமின்மையைச் செக்கூரித்தாஸ் எனவும் பிரித்தது. 1547இல் திரெந்து சங்கம் சீர்திருத்தத்தாரின் உறுதியையே வீண் நம்பிக்கை எனக் கண்டித்தது. இருசாராரும் அஞ்சியது ஒன்றையே. அதன் எல்லை எங்குள்ளது என்பதே வழக்கு. ஆங்கிலத்தில் செக்யூரிட்டி என்பதற்கு ஷேக்ஸ்பியர் காலத்தில் இருந்த கவனமின்மைப் பொருள் பின்னர் மங்கிப் பாதுகாப்பு என்னும் பொருளே எஞ்சியது.

போவரின் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியம் ஏசாயா 32:9, ஆமோஸ் 6:1, நீதிமொழிகள் 1:32 ஆகிய இடங்களில் நிர்விசாரம் என்னும் சொல்லை ஆள்கிறது. எபிரேயத்தில் இவற்றுக்குரிய சொற்கள் ஒன்றல்ல. ஏசாயா 32:9இல் உள்ளது பாட்டஹ் என்னும் வேர். இறைவனை நம்புங்கள் என்று 26:4 பணிப்பதும் அதே வேரால்தான். போற்றப்படும் நம்பிக்கையும் பழிக்கப்படும் மெத்தனமும் எபிரேயத்தில் ஒரே வேரைச் சேர்ந்தவை. தமிழ் அவற்றை இரு சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. இது தெளிவு தருவதாயினும், நம்பிக்கையே இடம் மாறி மெத்தனமாகும் என்னும் மூலத்தின் எச்சரிக்கை இதில் மறைகிறது. மேலும், யோகசூத்திரத்தில் நிர்விசாரம் உயர்ந்த தியானநிலை ஒன்றின் பெயர். அம்மரபில் பயின்றவர்க்கு இச்சொல் பழிப்பாகத் தோன்றாது.

தமிழ் மரபில் இவ்வேறுபாட்டுக்கு இடமுண்டு. திருக்குறள் மடியின்மையையும் பொச்சாவாமையையும் தனித்தனி அதிகாரங்களில் வைக்கிறது. பொச்சாப்பு என்பது மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி. முயற்சியின்மையாகிய மடியினின்று வேறானது. அரசியலில் கூறப்பட்டதாயினும், செக்கூரித்தாஸ் உணர்த்தும் குற்றத்துக்கு இதனை ஒட்டிய பொருளுடைய சொல் அரிது.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். சோம்பல் என்று படிப்பவன் கூடுதலாக உழைப்பான். காசியான் காட்டிய துறவியும் ஓடியாடி உழைத்தவனே. உள்ளத்தை ஆராய வேண்டிய இடத்தில் கால்களை விரைவுபடுத்தும் சொல்லைத் தருவது, அகராதிப்படி பிழையன்று எனினும், நூலின் நோக்கத்துக்குப் பிழையே. இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர் அகீடியாவுக்குச் சலிப்பு அல்லது உளத்தளர்ச்சி, செக்கூரித்தாஸுக்கு மெத்தனம் அல்லது பொச்சாப்பு என வேறுபடுத்தி ஆள்வது பொருந்தும். சோம்பல் என்னும் சொல் உடலின் செயலின்மை கூறப்படும் இடங்களுக்கு உரியது.