டயல்: பொழுது காட்டிய சொல் எண்ணுக்கு வந்த கதை

பழைய தொலைபேசிகளைச் சேகரிப்பவர்கள் ஒரு கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதன் டயலைத்தான். உடல் மரமா, பித்தளையா, பேக்லைட்டா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. எந்த நாட்டில், எந்தக் காலத்தில் பிறந்த கருவி என்பதை அந்த வட்டத் தட்டே பெரும்பாலும் சொல்லிவிடும்.

டயல் என்ற சொல் தொலைபேசியைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. லத்தீனில் ‘தியேஸ்’ என்றால் நாள். அதிலிருந்து ‘நாளுக்குரியது’ என்னும் பொருளில் இடைக்கால லத்தீனில் ‘தியாலிஸ்’ பிறந்தது. அதுவே ஆங்கிலத்தில் டயல் ஆயிற்று என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சூரிய நிழலைக் கொண்டு பொழுது காட்டும் தட்டை அது நெடுங்காலம் குறித்தது. இயந்திரக் கடிகாரம் வந்தபின் மணி எழுதிய முகத்துக்கும் அப்பெயர் சென்றது. பிரெஞ்சின் ‘கத்ரான்’ என்ற சொல்லும் நிழற்கடிகாரம், கடிகார முகம், தொலைபேசித் தட்டு என இதே வழியில் நடந்திருக்கிறது. ஜெர்மானியரோ செயலைப் பார்த்துப் பெயரிட்டனர்: ‘வேல்ஷைப’, தேர்ந்தெடுக்கும் தட்டு.

1876இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசியில் டயல் கிடையாது. பின்னர் வந்த சுவர்ப் பெட்டிகளில் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால், இணைப்பகத்தில் இருப்பவருக்கு அழைப்பு தெரியும். யாரோடு பேச வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். அவர் கையால் இணைப்பார். 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களுக்கு வந்த இணைப்பகங்களும் இப்படித்தான் இயங்கின.

இடையில் நின்ற அந்தக் கையை விலக்கியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் அவருடையது. தானியங்கி இணைப்பகத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். 1892இல் இந்தியானா மாநிலத்தின் லாபோர்ட்டில் அது செயல்பட்டது. அப்போதும் டயல் வரவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் அதன் மதிப்பு எத்தனையோ அத்தனை முறை பொத்தானை அழுத்த வேண்டும். அவருடைய நிறுவனத்துப் பொறியாளர்கள் 1896இல் உருவாக்கிய சுழலும் தட்டு அந்தச் சிரமத்தைத் தீர்த்தது.

வட்டமான தட்டு, விளிம்பில் வரிசையாக எண்கள்: கடிகார முகத்தின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. உள்ளே நடப்பதும் காலக்கணக்குதான். விரலால் இழுக்கும்போது வில்சுருள் இறுகுகிறது. விட்டதும் தட்டு சீரான வேகத்தில் திரும்புகிறது. திரும்பும்போதே மின்சாரம் அறுந்து அறுந்து ஒட்டும், நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை. மூன்றுக்கு மூன்று துடிப்பு, சுழியத்துக்குப் பத்து. அமெரிக்காவில் 1947இல் ஊர்க்குறியீடு வகுத்தபோது, அழைப்பு மிகுந்த நியூயார்க்குக்கு 212 தந்ததன் காரணம் இதுவே. குறைந்த துடிப்பில் காரியம் முடிந்துவிடும்.

இனி டயலைப் படிக்கலாம். எண்களோடு ஆங்கில எழுத்துகளும் இருந்து, ‘ஓ’ என்ற எழுத்து ஆறோடு நின்றால் அமெரிக்கக் கருவி. பிரிட்டன் கருவியில் அது சுழியத்தோடு நிற்கும். ஸ்வீடன் டயலில் சுழியம் ஒன்றுக்கு முன்னால் நிற்கும். நியூசிலாந்தில் எண் வரிசையே தலைகீழ். அங்கே ஒன்றைச் சுழற்றினால் ஒன்பது துடிப்பு போகும். பிரிட்டனின் அவசர அழைப்பு எண்ணான 999 அங்கே 111 ஆனது அதனால்தான்.

தொலைபேசியின் வடிவ வரலாறு, டயல் இடம்பெயர்ந்த வரலாறும்கூட. மெழுகுவர்த்தித் தண்டு போன்ற நெட்டைக் கருவியில் அது அடிப்பீடத்தில் ஒட்டவைத்த உறுப்பாகவே தெரிந்தது. 1930களின் தொடக்கத்தில் நார்வே ஓவியர் ஜான் ஹைபர்க் எரிக்சன் நிறுவனத்துக்கு வடிவமைத்த பேக்லைட் கருவியில் டயல் உடலோடு ஒன்றியது. ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்து 1949இல் வந்த அமெரிக்க ‘500’ மாதிரியில் எண்கள் துளைக்குள்ளிருந்து வெளிவட்டத்துக்கு நகர்ந்தன. எண் நன்றாகத் தெரிந்தும் சுழற்றும் வேகம் குறைந்தது. விரலுக்கு இலக்கு இல்லை. பெல் ஆய்வகத்தின் ஜான் கார்லின் குழு ஒவ்வொரு துளையின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னது, வேகம் மீண்டது. 1950களின் எரிகோஃபோன் கருவியில் டயல் அடிப்பாகத்துக்குள் ஒளிந்தது. 1965இன் ட்ரிம்லைன் கருவியில் காதில் வைத்துப் பேசும் கைப்பிடிக்குள்ளேயே ஏறியது.

அதற்குள், 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்களில் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்திருந்தது. தட்டு மறையத் தொடங்கியது. சொல் வினையாக நிலைத்தது. தமிழிலும் ‘நம்பரைச் சுத்து’ என்ற பேச்சு அருகியது, ‘டயல் பண்ணு’ தங்கிவிட்டது.

ஆகவே சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு வேண்டுகோள். பழைய பாணியில் இன்று விற்கும் அலங்காரக் கருவிகள் பலவற்றில் டயல் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகப் பொத்தான்கள் இருக்கும். அவற்றைத் தொன்மையென்று நம்பி வாங்க வேண்டாம். உண்மையான கருவி கிடைத்தால், பழுதான டயலை எறிந்துவிட்டு வேறொரு நாட்டு டயலைப் பொருத்த வேண்டாம். பளபளப்புக்காக எண் தட்டைத் தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தட்டை அழித்தால் கருவியின் பிறப்புச் சான்றையே அழித்தவர் ஆவோம். சீராகத் திரும்பும் ஒரு டயலைக் காப்பாற்றினால், ஒரு சொல்லின் பொருளையும் சேர்த்தே காப்பாற்றுகிறோம்.